உச்சி வெயிலில் திறப்பு விழா

கரண்ட் கம்பி எட்டாத கடற்கரையில், ரிப்பனை வெட்டிக் குழாயைத் திறந்தார் அதிகாரி. புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. காலையிலிருந்து குடத்தோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அதிகாரி ஆபரேட்டர் மேல் பாய்ந்தார். "இந்த மெஷின் கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கும்னு சொன்னியே?"

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு சார். வெயில்லதான் ஓடும்."

"மண்டையைப் பொளக்குதே, இது என்ன நிலாவா?"

"அது... சோலார் தகட்டுல விழணும் சார்."

"விழாம எவன் மறைச்சுக்கிட்டு நிக்கிறான்? மொதல்ல அவனைக் கீழே இறக்கு!"

ஆபரேட்டர் மெஷின் அறையின் கூரையைக் காட்டினார்.

'எங்கிருந்து பார்த்தாலும் தெரியணும்' என்று அதிகாரியின் ஆபீஸே நேற்று மாலை கட்டிவிட்டுப் போன வரவேற்பு பேனர், தகடுகளை முழுசாக மூடியிருந்தது. அதில் முப்பதடி அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார் அதிகாரி.