துரையிடம் கற்ற பாராட்டு

“அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் ‘ஃபாட்’னு சொல்றாரே, அப்படின்னா என்னக்கா?” என்று ஜெனவீவிடம் கேட்டாள் பக்கத்து வீட்டு அம்சவள்ளி.

“ஜெர்மன் பாஷை. ரொம்ப ருசின்னு அர்த்தமாம். பினாங்குல ஜெர்மன் துரைகிட்ட வேலை பார்த்தவராச்சே!”

ஜெனவீவின் கணவர் ஜூலியஸ் மீசைக்குள் சிரித்துக்கொண்டே அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு வாயில் போட்டார்.

“குடுத்து வச்சவங்கக்கா நீங்க. ஜப்பான்காரன் வந்ததுலேருந்து பாலிங் டவுன் கடையில உப்பே இல்ல. எங்க வீட்டுல கிழங்கைப் பார்த்தாலே சண்டைதான்.”

ஜெனவீவ் அடுப்படியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து வந்தாள். “இந்தா, நீ வச்சுக்க.”

சிரட்டை நிறைய உப்பு! ஜூலியஸுக்குப் புரையேறியது.

“ஏது இது? நம்ம கிழங்குல ஏன் போடல?”

“நீங்கதான் தினமும் ருசின்னு சொல்றீங்களே! நான் பெருக்குற ஆஸ்பத்திரியில ஜப்பான் டாக்டர் குடுத்தாரு. அவர் ஜெர்மன் பாஷையிலதான் வைத்தியம் படிச்சாராம். நீங்க சொல்ற வார்த்தையைப் பெருமையா சொன்னேன். ‘ஃபாட்’னா உப்புச்சப்பில்லாததுன்னு மலாய்ல விளக்கினாரு. பாவப்பட்டு உப்பையும் குடுத்தாரு. ருசியா இருந்தா ‘லெக்கர்’னு சொல்லணுமாம்லா.”

அம்சவள்ளி சிரட்டையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஜூலியஸ் தட்டை வைத்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.