மூன்றாம் கூட்டின் எண்

சுத்திகரிப்பு நிலையத்தில் ஓடும் தண்ணீரைச் சோதிக்கும் சென்சார்கள், மூன்று கண்ணாடிக் கூடுகளுக்குள் இருக்கின்றன. இரண்டு கூடுகள் இருபத்தாறு டிகிரி காட்டின. மூன்றாவது மட்டும் முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. தொட்டால் தண்ணீர் ஜில்லென்றுதான் இருந்தது. சென்சாரை மாற்றியும் அதன் பிடிவாதம் மாறவில்லை.

ஃபிட்டருக்கு அந்த எண் பிடிக்கவில்லை. காலையில் காய்ச்சலில் கிடந்த மகளின் கக்கத்தில் வைத்த தெர்மாமீட்டரும் அதையேதான் காட்டியது.

தலைமைப் பொறியாளர் வந்தார். குழாய் ஒழுகினாலும் சுற்றறிக்கை அனுப்பி நிறுத்தப் பார்ப்பவர்.

"மூணாவது கூட்டுக்குப் போற வால்வை மூடுய்யா."

"சார், கொஞ்சம் பொறுங்க..."

"இருபது வருஷ சர்வீஸ்யா. எந்த நம்பரும் என்கிட்ட இறங்கித்தான் ஆகணும்."

அவரே மூடினார். யாரும் திறந்துவிடாதபடி, வழக்கம்போல் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

எண் இறங்கத் தொடங்கியது. கைப்பேசியில் மனைவி அழைத்தாள்.

"என்னங்க, காய்ச்சல் விட்டுடுச்சு! முப்பத்தேழு!"

"மறுபடி பாரு."

"முப்பத்தாறு. நல்லாத் தூங்குறா."

"எழுப்பு அவள."

"இப்பதாங்க கண்ணசந்தா..."

மூன்றாம் கூட்டின் திரையில் முப்பத்தைந்து. ஃபிட்டர் வால்வின் மொட்டைத் தண்டை வெறும் விரல்களால் திருகிக்கொண்டிருந்தார்.