ஒரு வீட்டில் இரண்டு கறுப்பு

கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுசன், மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சால்வை, கழுத்தில் ஐயப்பன் மாலை.

கௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏற்கெனவே மகள் உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் கறுப்பு. இப்ப நீங்களுமோ? இதென்ன வீடோ, கரிக்கடையோ?"

"சாமியெண்டு கூப்பிடும்," என்றார் நமசிவாயம்.

மகள் தாரிகா ஒரு கிழமையாக வெள்ளவத்தை வீட்டைவிட்டு இறங்கவில்லை. கம்பஸில் கடைசி வருசச் சோதனை தொடங்கப் போகிறது. வகுப்புக்குப் போகச் சொன்னால் மாட்டாளாம். ஒழுங்கை முனையில் நிற்கிற பெடியள் "ஈமோ! ஈமோ!" என்று கத்துகிறாங்களாம்.

"அப்ப அந்தக் கறுப்பைக் கழட்டி எறியனடி."

"அம்மா, நான் ஈமோ இல்லை. கோத்."

"ரெண்டும் கறுப்புத்தானே?"

"ஐயோ அம்மா! ஈமோ எண்டால் மனசுக்குள்ள கிடக்கிறதையெல்லாம் கொட்டி அழுது பாடுறது. தலைமயிரை ஒரு கண்ணுக்கு மேல விழுத்தி விடுவினம். கோத் அப்பிடியில்லை. பழைய இங்கிலாந்து பாட்டு, லேஸ் உடுப்பு, வெள்ளை முகம். இருட்டும் வடிவுதான் எண்டு பேசாம நிண்டு பாக்கிறது. அழுறேல்லை."

"அழுறேல்லை எண்டால் நீ ஏனடி இப்ப அழுறாய்?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது.

கௌரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மனுசனின் மாலை மட்டும் விளங்கிற மாதிரி இருந்தது. மகள் கறுப்பைக் கழட்ட வேணுமென்றுதானே நேர்ந்திருக்கிறார்! ஐயப்பா, அந்த மனுசனுக்காவது பிள்ளையில் அக்கறை வந்ததே. மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த நாள் காலை நமசிவாயம் மகளின் கதவைத் தட்டினார்.

"வெளிக்கிடு பிள்ளை. பஸ் ஏத்திவிடுறன்."

"உடுப்பு மாத்த மாட்டன்."

"ஆர் மாத்தச் சொன்னது?"

கௌரி பல்கனிக்கு ஓடினாள். கீழே அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். முனையில் பெடியள் வாயைத் திறந்தாங்கள். திறந்த வாய் அப்படியே நின்றது. எந்தக் கறுப்பைக் கும்பிடுவது, எந்தக் கறுப்புக்குச் சிரிப்பது என்று பிடிபடவில்லைப் போல. பிறகு ஒருத்தன் கையெடுத்தான்.

"சாமியே சரணம் ஐயப்பா!"

எல்லாரும் விலகி வழிவிட்டாங்கள்.

திரும்பி வந்தவரைக் கௌரி வாசலிலேயே மறித்தாள்.

"அவளை அந்தக் கோலத்திலயே கூட்டிக்கொண்டு போறியள். அப்ப என்னதான் நேர்த்தி வைச்சனீங்கள்?"

நமசிவாயம் கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நேர்த்தி ஒண்டுமில்லை. அவளுக்குச் சோதனை முடிய இன்னும் முப்பத்தெட்டு நாள். மாலை நாப்பத்தொரு நாளைக்குக் கழுத்தில கிடக்கும்."