பிங்கிள்டன் சரித்திரம்

“உங்கட ஊர்க் கோயில் கோபுரம் ஏன் சரிஞ்சது, சிஞ்ஞோரா?”

“எந்த ஊர், பிள்ளை?”

கத்தரீனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கத்தரீனாவின் எசமானி, எண்பத்தைந்து வயதுச் சிஞ்ஞோரா டொரத்தி பிறந்தது இங்கிலாந்தில், பிங்கிள்டன் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில். 1946இல் கலியாணம் கட்டி இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தவளுக்கு ஐம்பது வருடத்தில் ஞாபகம் போன இடம் தெரியவில்லை. இன்று அண்ணன் மகன் ஆர்தர் சோதிக்க வருகிறார். பிறந்த ஊரே மறந்துபோச்சென்றால் முதியோர் இல்லம்தான் என்று கடிதம் போட்டிருந்தார். கிழவி போனால் வேலை போகும்; வேலை போனால் கத்தரீனாவின் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியை யார் புதுப்பிப்பார்கள்?

அலமாரியில் ஊர்ச் சரித்திரப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. மன்னார்க் கொன்வென்றில் படித்த இங்கிலீசை வைத்து ஒரு கிழமையாகப் பாடம் நடத்துகிறாள். பதினெட்டு வீடு, அதற்குள் இரண்டு கட்சி. கோயில் மணிக் கயிற்றை இரண்டு கட்சியும் சேர்ந்து இழுத்ததில் கோபுரம் சரிந்ததாம். நிமிர்த்துவது யார் என்ற சண்டையில் நூற்றிருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“எங்கட சனம் தோத்துப்போகும்!” என்றாள் கத்தரீனா.

அழைப்பு மணி அடித்தது. ஆர்தருக்கு எழுபது வயதிருக்கும். கையில் குறிப்புப் புத்தகம். கீழே பல்லாரோச் சந்தையில் மீன்காரன் கத்திய கத்தலில் யன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“மாமி, எங்கட ஊர்த் திருவிழாவில என்ன நடக்கும்?”

“முதல் நாள் கொடியேத்துவினம். பிறகு விடிய விடியக் கூத்து.”

கத்தரீனாவுக்குத் திக்கென்றது. கிழவிக்குத் தலைவாரும்போது தான் அலட்டிய தன் ஊர்ப் பேசாலைக் கதையல்லவா இது!

ஆர்தர் எழுதிக்கொண்டார். “தெருவில?”

“கழுதையள். கோயிலுக்குள்ளையும் வரும்.”

“வீட்டு முற்றத்தில?”

“கருவாடு காயும்.”

மாதாவே! பிங்கிள்டனுக்குக் கிட்ட முட்டக் கடலே கிடையாது.

ஆர்தர் புத்தகத்தை மூடினார். “அற்புதம், மாமி. ஒரு பிழையும் இல்லை. நீங்கள் இஞ்சையே இருங்கோ.”

கத்தரீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். பின்னாலேயே வந்த ஆர்தர் கதவைச் சாத்தினார்.

“மாமிக்குப் படிப்பிச்சது நீதானே?”

“ஓம்...”

“எனக்கும் படிப்பிச்சுவிடு, பிள்ளை,” அவர் குரலைத் தாழ்த்தினார். “வாற மாசம் என்ரை மகள் என்னைச் சோதிக்க வாறாள்.”