இருட்டில் ஒளிரும் ரத்தம்

பகலிலும் விளக்கை அணைத்தே வைத்திருக்கும் நுண்ணோக்கி அறையில் அவளும் கூட வேலை பார்க்கும் தோழியும் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கதிர்வீச்சு பட்ட செல்கள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தால் அவற்றில் ஏற்றிய சாயம் பச்சையாக ஒளிரும். படாதவை இருண்டு கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்கக் கதிர் படாத நல்ல ரத்தம் வேண்டியிருந்தது. தோழி லீவில் இருந்த அன்று, வேறு ஆளைத் தேடுவானேன் என்று அவள் தன் கையையே நீட்டிவிட்டாள். இப்போது திரையில் அந்த ரத்தம்தான் பச்சைப் பசேலென்று மின்னுகிறது. “அடியே, ஸ்லைடை மாத்தி வச்சிட்டியா? கண்ணாடி போடச் சொன்னா கேக்கறியா?” தோழி சிரிக்கிறாள். ஏசி உறுமுகிறது. ஸ்லைடின் ஓரத்தில் தான் எழுதிய எழுத்தை அவள் விரலால் தடவுகிறாள். மாறவில்லை. ஏழு வயதில் அவளுக்குக் கழுத்துக் கட்டிக்குக் கதிர் கொடுத்தார்கள். “எல்லாம் போயிடுச்சு, இனி அந்தப் பேச்சே வேண்டாம்” என்றாள் அம்மா. தழும்புகூட இல்லாத அந்தக் கழுத்தை நம்பித்தான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறாள். “மாத்தலடி” என்கிறாள். “மாத்தலயா? அப்ப யாரோடதுடி இது? பாவம், உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லணும்.” “சொல்லிடறேன்” என்கிறாள். தோழி விளக்கைப் போட எழுகிறாள். அவள் தோழியின் கையை எட்டிப் பிடிக்கிறாள். “போடாதடி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”