இடது கையின் பங்கு

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தார்கள், கண்ணுகளா. மாடியிலிருந்த அக்கா, ஊர் ஊராகப் பியானோ வாசித்துப் பேரெடுத்தவள், புத்தகமும் எழுதுவாள். பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபிறகு, காலையில் வலது கைப் பகுதியை மட்டும் வாசிப்பாள், மத்தியானம் எழுதுவாள். சாவதற்குள் ஒருமுறையாவது முழு இசையோடு மேடையேற வேண்டும் என்று ஏங்குவாள்.

ஒரு மத்தியானம் தங்கைக்கு இடது கைப் பகுதி மட்டும் கேட்டது. கை வந்துவிட்டதென்று அடுப்பைக்கூட அணைக்காமல் மாடிக்கு ஓடினாள். அக்கா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. அறையின் அந்தப் பக்கம் பியானோவின் கட்டைகள் தாமாக அமுங்கின.

"அக்கா, யாரு அது?"

"என் கைதான், வேற யாரு? எனக்காவது எழுத்து இருக்கு, அதுக்கு என்னடி இருக்கு? பழகட்டும் விடு. இன்னும் தடுமாறுது."

மறுநாளிலிருந்து அக்கா அதனோடு சேர்ந்தே வாசித்தாள். கச்சேரிக்கு நாளும் குறித்தாள். அதற்கு முந்தின வாரம் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தபோது மாடியில் இடது கையின் வாசிப்பு கேட்டது. வலது கை வந்து சேரவேண்டிய இடத்தில் அது நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நாள் முழுக்க அப்படியே. பொறுக்கமாட்டாமல் தங்கை மேலே போய்ப் பியானோ பக்கத்தில் நின்றாள்.

"அக்கா போயிட்டாப்பா. இனிமே வரமாட்டா. எனக்கு இதுல ஆனா ஆவன்னாகூடத் தெரியாது."

குழந்தைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரும் சின்னப் பாட்டொன்றை மிக மெதுவாகத் தொடங்கிவிட்டு, அது காத்திருந்தது.