எல்லாம் உயரம்

பாய்லரைக் கெடுத்தது நான்தான். ஈர சாக்ஸ் காயட்டும் என்று அதன் மேல் போட்டேன். அது கருகிப் புகைந்ததில் பாய்லரும் அணைந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் ஓட்டல் மேனேஜரான நான் எதற்கும் பொறுப்பில்லை.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கே?"

"உயரம் சார்."

விருந்தாளிகள் பக்தியோடு தலையாட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே செல்ஃபி எடுப்பார்கள்.

ஏழாம் நம்பர் அறைப் பெண்மணி மட்டும் தலையாட்டவில்லை.

"மேனேஜர் சார், சோறு ஏன் வேகல?"

"உயரம் மேடம்."

"தலையணை கல்லு மாதிரி இருக்கே?"

"அதுவும் உயரந்தான் மேடம்."

"நல்லா சமாளிக்கிறீங்க" என்று உதட்டைச் சுழித்தார்.

மறுநாள் அறையைக் காலி செய்யும்போது தன் செல்போனை என் மேசைமேல் வைத்தார். சிக்னல் முழுசாக இருந்தது.

"உயரம், சிக்னலே இல்லன்னு ஆறு மாசமா வீட்டுக்கு லெட்டர் போட்டீங்களே. நம்ம பொண்ணுகிட்ட இப்ப என்ன சொல்லட்டும்?"

வந்ததிலிருந்து தெரியாதவர்கள் போல 'சார்', 'மேடம்' என்று இருவரும் நடித்தது அத்தோடு முடிந்தது. ஊரையே ஏய்த்த உயரம் என் மனைவியிடம் மட்டும் எடுபடவில்லை.

"ரொம்பக் கோபமா?" என்றேன்.

"ஆமா. பாய்லர் மேல கருகிக் கிடக்குற சாக்ஸை எடுத்துக்கிட்டு வந்து வண்டியில ஏறுங்க."